டிரம் மேல இருக்குற பேரு மட்டும் போதாது

நடுவர் அய்யாவுக்கும் திருப்பாதிரிப்புலியூர்ல இவ்ளோ நேரம் ஆகியும் எழுந்து போகாம உக்காந்திருக்குற எல்லாருக்கும் வணக்கம். தொழில்நுட்பத்தை வெளிநாட்டுக்கு விக்க அரசாங்கம் கட்டுப்பாடு போடுறது நாட்டுக்குப் பாதுகாப்பா, வளர்ச்சிக்கு முட்டுக்கட்டையா, இதான் தலைப்பு. நான் பாதுகாப்புன்னு பேச வந்திருக்கேன்.

எதிரணி அண்ணன் கிரையோஜெனிக் இஞ்சின், அதான் ரொம்ப குளிர வச்ச எரிபொருள்ல ஓடுற ராக்கெட் இஞ்சின், அதோட கதைய எடுத்தாரு, நானும் கை தட்டுனேன், அத்தனையும் உண்மை. 1991ல சோவியத்தோட ஒப்பந்தம் போட்டோம், 92ல அமெரிக்கா இஸ்ரோ மேல தடை போட்டுச்சி, 93ல ரஷ்யா இஞ்சின் வேணா தரேன் செய்யுற வித்தைய தரமாட்டேன்னுடுச்சி, நம்மாளுங்க மகேந்திரகிரில டெஸ்ட் பண்ணி பண்ணி 2014 ஜனவரிலதான் சொந்த இஞ்சினோட நம்ம ஜிஎஸ்எல்வி ராக்கெட் ஒழுங்கா மேல போச்சி. அந்த வலி எனக்கும் இருக்கு. சாவி நியாயமில்லாதவன் கையில இருந்திச்சின்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். ஆனா பூட்டே வேணாங்கறீங்களே!

அய்யா, எங்க மாமா சிப்காட்ல ஒரு குடோன்ல வேலை பாத்தவரு. நீல டிரம், மேல ஒட்டுன லேபிள்ல பேரு, எடை, பேட்ச் நம்பர், அவ்ளோதான். அது எங்க போயி என்னவா ஆவுதுன்னு ஏத்துற எங்களுக்கும் தெரியாது, லாரி டிரைவருக்கும் தெரியாதுன்னு சொல்வாரு. தயோடைக்ளைக்கால்னு ஒரு கெமிக்கல் இருக்கு, பால்பாயிண்ட் பேனா மைக்கு ஆவும், துணிக்கு சாயம் ஏத்த ஆவும், மஸ்டர்ட் கேஸ்ங்கற விஷவாயுவுக்கும் அதான் மூலப்பொருள். 1980கள்ல ஃப்ரான்ஸ் வான் ஆன்ராட்னு நெதர்லாந்து வியாபாரி ஒருத்தரு இத ஆயிரம் டன்னுக்கு மேல சதாம் உசேனோட ஈராக்குக்கு வித்தாரு, கேட்டா துணி மில்லுக்குன்னு நெனச்சேன்னாரு. 1988 மார்ச்ல ஈராக்குலயே இருக்குற ஹலப்ஜாங்கற குர்து மக்களோட ஊரு மேல சதாம் படை விஷவாயு குண்டு போட்டுச்சி, ஏறக்குறைய 5000 பேரு செத்தாங்க, புள்ளைங்கள தூக்கிட்டு ஓடுனவங்க வாசப்படியிலயே விழுந்து கெடந்தாங்க. அந்த வியாபாரிக்கு தண்டனை கெடச்சது 2005ல. பதினேழு வருஷம் கழிச்சி வந்த தீர்ப்பு அந்தப் புள்ளைங்களுக்கு என்னத்துக்கு ஆவும்? டிரம்ம துறைமுகத்துலயே நிறுத்தி கேட்டிருக்கணும்.

அதத்தான் இப்ப நம்ம நாடும் பண்ணுது. ஸ்காமெட்னு ஒரு பட்டியல், அதுல இருக்குற கெமிக்கலோ மெஷினோ சாஃப்ட்வேரோ அனுப்பணும்னா யாருக்கு, எதுக்குன்னு வாங்குறவன் கிட்ட எழுதி வாங்கி லைசென்ஸ் எடுக்கணும். லேட் ஆவுது, சின்ன கம்பெனி ஆர்டர் போயிடுதுன்னு எதிரணி தங்கச்சி சொன்னது சரிதான், அதுக்கு ஆபீஸ்ல ஆள கூட்டுங்க, நாள் குறிச்சி முடிவு சொல்லுங்க, கேள்விய எடுக்காதீங்க.

இன்னொன்னு அண்ணே, அன்னிக்கு நமக்கு கதவ சாத்துன ஏவுகணைக் கட்டுப்பாட்டு அமைப்புல 2016ல நாமளே உறுப்பினரு, கெமிக்கல பாத்துக்குற ஆஸ்திரேலியா குரூப்லயும் 2018ல சேந்துட்டோம். சாவில நமக்கும் பங்கு வந்திருக்கு, இன்னொரு ஏழை நாடு ராக்கெட் விடணும்னு வந்து நின்னா நமக்கு நடந்தத அவனுக்கு நடக்கவிடாம பேச இப்பதான் நமக்கு நாற்காலி இருக்கு. இப்ப போயி பூட்ட ஒடச்சிடலாம்னா எப்பிடிண்ணே?