வாழி பாடாத வில்லு

(அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு கிளை நூலகத்தில், வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

பெரியோர்களே, தாய்மார்களே, பள்ளிக்கூடப் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

பொதிகை மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. மழைக்கு முன்னால் பேசி முடித்துவிட வேண்டும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வாசிப்பும் பொழுதுபோக்கும் நம் வாழ்க்கையை என்ன செய்கின்றன என்று பேசச் சொன்னார்கள். முப்பத்துநாலு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். இலக்கியம் படித்தவன் இல்லை. பார்த்ததையும் பட்டதையும்தான் சொல்லத் தெரியும்.

என் அம்மா பீடி சுற்றினாள். இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் அந்தச் சொளவு, அதாவது முறம், இருந்திருக்கும். எங்கள் தெருவில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஏழெட்டுப் பேர் ஒரே திண்ணையில் கூடிவிடுவார்கள். மடியில் சொளவு, அதில் வெட்டின இலை, தூள், நூல். கை தன் பாட்டுக்கு ஓடும். காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்கு வேலை கொடுத்தது நான். அப்போது எனக்குப் பத்து வயது. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைச் சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். கூலியாக ஆளுக்கு அஞ்சு பைசா. வேகமாக வாசித்தால் "ஏலே, ரயிலைப் பிடிக்கப் போறியால? மெதுவா வாசி" என்பார்கள்.

கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பீடித் தொழிலாளர்கள் இதையே ஓர் ஏற்பாடாகச் செய்திருந்தார்கள் என்று பின்னால் ஒரு புத்தகத்தில் படித்தேன். தங்களில் ஒருவரைச் செய்தித்தாள் வாசிக்க உட்கார்த்திவிடுவார்கள். அந்த நேரத்தில் அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள். அதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. கூலிக்குச் சுற்றுகிறவர்கள், தங்கள் கை உழைப்பில் ஒரு பங்கைக் கொடுத்து வாசிப்பை வாங்கியிருக்கிறார்கள்!

எங்கள் திண்ணையில் அரசியல் கிடையாது, கதைதான். கதையில் ஒரு பெண்ணை அவள் புருஷன் விட்டுவிட்டுப் போய்விடுவான். 'தொடரும்' என்று போட்டிருக்கும். அடுத்த இதழ் வர ஏழு நாள் ஆகும். அந்த ஏழு நாளும் தெருவுக்கு அதுதான் பேச்சு. அவள் அவனைத் தேடிப் போக வேண்டுமா, கூடாதா? ஒரு நாள் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு சித்தி, அதுவரைக்கும் தன் வீட்டு விஷயத்தை வாய் திறந்து சொல்லாதவள், இலையை வெட்டிக்கொண்டே, "எனக்கும் இப்படித்தான். நான் தேடிப் போகலை" என்றாள். எல்லார் கையும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. அப்புறம் என் அம்மா எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றிலிருந்து அந்தச் சித்தி பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டில்தான் ராத்திரிச் சாப்பாடு. அந்தக் கதை பெரிய இலக்கியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் பல வருஷம் பூட்டிக்கிடந்த ஒரு வாயை அது திறந்துவிட்டது.

என்ன வாசித்தோம் என்பதோடு, எங்கே நிறுத்தினோம், நிறுத்தின பிறகு யாரோடு பேசினோம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதைத்தான்.

நம் ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். கொடை என்றால் வில்லு, அதாவது வில்லுப்பாட்டு உண்டு. மணி கட்டின வில், வீசுகோல், குடம், உடுக்கை, கட்டை, ஜால்ரா. புலவர் காப்புப் பாடுவார், குருவை வணங்குவார், அவையடக்கம் சொல்வார், நாட்டு வளம் பாடுவார், அப்புறம்தான் கதைக்குள் போவார். நடுச்சாமத்துப் பூசையான சாமக்கொடைக்கும் சாமி வருகிறதற்கும் கதை சரியாக அந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும். அதுவரைக்கும் இழுக்கவும் குறுக்கவும் அவருக்குத் தெரியும். கடைசியில் வாழி பாடுவார். கேட்டவர்கள் வாழ, ஊர் வாழ, மழை பெய்ய, பயிர் விளைய என்று பாடி வில்லை இறக்கிவிடுவார். எங்கள் ஆச்சி வாழி பாடி முடிக்காமல் எழுந்திருக்க விடமாட்டாள். பாதியில் எழுந்தால் குற்றம் என்பாள். வாழி பாடி முடிந்துவிட்டால் அதற்குமேல் உட்கார்ந்திருக்கவும் விடமாட்டாள். "போதும், எந்திரி, காலையில நடவு இருக்கு" என்பாள்.

சத்திரப் புதுக்குளத்துக்காரர் சுப்பு ஆறுமுகம் ஐயா இதே வில்லைக் கொண்டு காந்தி கதை சொன்னார். 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார், அடுத்த வருஷம் காலமானார். கோவில் வாசலில் இருந்த வில்லு மேடைக்கும் வானொலிக்கும் வந்தது. எங்கே வந்தாலும் கதைக்கு ஒரு முடிவு இருந்தது.

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் வந்தது. அதோடு இலங்கை வானொலியும் நமக்குப் பக்கத்து வீடு மாதிரிதான். எண்பதுகளில் மொட்டை மாடியில் உயரமான கம்பி நட்டு இலங்கை டிவியான ரூபவாகினி பார்த்த வீடுகளும் உண்டு. ஒவ்வொன்று வந்தபோதும் இதோடு பிள்ளைகள் கெட்டுப் போனார்கள் என்று பெரியவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. வானொலி நேரத்துக்கு நின்றது. சினிமாவில் இடைவேளை விட்டார்கள், கடைசியில் வணக்கம் போட்டு விளக்கைப் போட்டார்கள். வெளியே வந்து தியேட்டர் வாசலில் நின்று நாலு பேர் சண்டை போட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தோம்.

இடைசெவல் என்று ஒரு சின்ன ஊர், கோவில்பட்டிக்குப் பக்கம். பழைய நெல்லைச் சீமைதான், இப்போது தூத்துக்குடி மாவட்டம். 1923இல் அங்கே இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருவர் கு.அழகிரிசாமி, இன்னொருவர் கி.ரா. என்கிற கி.ராஜநாராயணன். இரண்டு பேரும் பின்னால் பெரிய எழுத்தாளர்கள் ஆனார்கள். கி.ரா. பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் இல்லை. இரண்டு பேருக்கும் கிடைத்த புத்தகத்தை எல்லாம் வாசிக்கிற ஆசை, சங்கீதத்தின் மேல் பித்து, அதைவிட முக்கியம், பேச ஒரு சிநேகிதன். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் காதில் விழுந்துகொண்டிருந்த மண் அது. அந்த இருவருக்கும் சாகித்திய அகாதமி விருது வந்தது. அழகிரிசாமிக்கு 1970இல், அவர் கண்ணை மூடின பிறகு. கி.ரா.வுக்கு 1991இல். ஒரு கரிசல் கிராமத்துக்கு இரண்டு அகாதமி! பெரிய கல்லூரியா, பெரிய நூலகமா அங்கே இருந்தது? சாயங்காலம் எதைக் கேட்பது, யாரோடு உட்காருவது என்று அவர்கள் எடுத்த சின்னச் சின்ன முடிவுகள் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டன என்றுதான் நான் நினைக்கிறேன்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், கம்பனைக் கொண்டாடின ரசிகமணி டி.கே.சி. வீட்டு வட்டமான தொட்டிக்கட்டில், அதாவது முற்றத்தில், வாராவாரம் கூடினார்களே, வட்டத்தொட்டி என்று, அதுவும் இப்படித்தான். கம்பன் பாட்டு ஒன்றை எடுத்தால் அவர் அவசரப்பட மாட்டாராம். திரும்பத் திரும்பச் சொல்லி, நிறுத்தி, கேட்கிறவர் முகத்தைப் பார்த்து, மறுபடி சொல்வாராம்.

பாளையங்கோட்டையில் நா.வானமாமலை இருந்தார், நாங்குநேரிக்காரர். நடவிலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கிடந்த பாட்டை எல்லாம் இலக்கியம் என்று மதித்து, பலரையும் சேர்த்துக்கொண்டு திரட்டினார். நம் ஆச்சிமார் பொழுதுபோக்குக்குப் பாடினது இன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் பாடமாக இருக்கிறது என்றால் அதில் அவர் பங்கு பெரிது.

சரி, இப்போது கையில் இருக்கிற செல்போனுக்கு வருவோம். அதை வெறுக்கச் சொல்ல நான் வரவில்லை. காருகுறிச்சியாரின் வாசிப்பை நினைத்த நேரத்தில் நான் அதில்தான் தேடிக் கேட்கிறேன். தேடிக் கேட்டால் அது என் தெரிவு. ஆனால் அந்தப் பாட்டு முடிந்த மறு நொடியே நான் கேட்காத ஒன்று தானாக ஓட ஆரம்பிக்கிறது. விரலால் தள்ளத் தள்ள அடி தட்டுப்படுவதே இல்லை. நான் எதில் எத்தனை நொடி நின்றேன் என்று அது கணக்கு வைத்துக்கொண்டு, அதே மாதிரி இன்னும் பத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறேனோ அவ்வளவு விளம்பரம், அவ்வளவு காசு அவர்களுக்கு. என்னை எழுந்திருக்க விடாமல் இருப்பதில்தான் அவர்கள் பிழைப்பு. அந்த வில்லில் வாழி கிடையாது. "போதும், எந்திரி" என்று சொல்ல ஆச்சியும் இல்லை.

வேலையில் இருந்த கடைசி வருஷங்களில் நான் வகுப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். நாலு வரியில் ஒரு கணக்கு கொடுப்பேன். தொட்டியில் தண்ணீர் நிரம்புகிற கணக்கு மாதிரி. பெருக்கல், வகுத்தல் எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும். மூன்றாவது வரிக்குப் போகும்போது முதல் வரி அவர்களுக்கு நழுவிவிடும். "சார், இதுல என்ன சார் கேக்காங்க?" என்பார்கள். கேள்வி அங்கேதான் இருக்கும், வாசித்து முடிக்கிற பொறுமை இருக்காது. செல்போன் ஒன்றுதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே பிள்ளைகளைத் தினமும் பத்து நிமிஷம், ஒரு கதையைச் சத்தமாக வாசிக்க வைத்தேன். ஆறு மாதத்தில் நாலு வரிக் கணக்கு அவர்களுக்கு நாலு வரியாகவே தெரிந்தது. இது என் கண்ணால் பார்த்தது.

பிள்ளைகளை மட்டும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. இதைச் சொல்ல எனக்குத் தொண்டை அடைக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் அக்கா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். ராத்திரி நான்தான் துணைக்கு. அவளுக்குத் தூக்கம் வராமல் பேசிக்கொண்டே இருந்தாள். எங்கள் குலசாமிக்கு ஆச்சி பாடுகிற ஒரு பாட்டு உண்டு. அது முழுசாகத் தெரிந்தவள் அக்கா மட்டும்தான். அதை மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவில் "தம்பி, கேக்கியா?" என்றாள். கையில் செல்போனை வைத்துக்கொண்டு "ம், சொல்லுக்கா" என்றேன். இரண்டு வாரத்தில் அவள் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியத்தில் யாரோ அந்தப் பாட்டைக் கேட்டார்கள். எனக்கு முதல் அடி தவிர ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி செல்போனில் என்ன பார்த்தேன் என்று யோசித்தேன். அதுவும் நினைவில் இல்லை.

அதற்கு அப்புறம்தான் நான் இந்த நூலகத்துக்கு ஒழுங்காக வர ஆரம்பித்தேன். இது தானமாகக் கிடைத்த இடம் இல்லை, பிள்ளைகளே. நாம் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் இதற்காக வருஷக்கணக்கில் பாடுபட்டார். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அவரும் கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர், எனக்கு அதில் தனிச் சந்தோஷம். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நாலாவது விதி, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று. நூலகத்துக்கு வருகிறவன் நேரம் வீணாகக் கூடாது என்று ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்! இங்கே புத்தகம் நம்மைத் துரத்திக்கொண்டு வராது. எழுந்துபோய் அலமாரியில் இருந்து எடுத்தால்தான் வரும். கடைசிப் பக்கம் வந்தால் நின்றுவிடும்.

ஒரே ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். தினமும் பத்துப் பக்கம், இருபது நிமிஷம் ஆகும். வருஷத்துக்கு 3,650 பக்கம். இருநூறு பக்கப் புத்தகமாக வைத்தால் பதினெட்டு. தினமும் இரண்டு மணி நேரம் தள்ளிக்கொண்டே இருந்தால் வருஷத்துக்கு 730 மணி நேரம். ராப்பகலாக முப்பது நாள், ஒரு முழு மாதம். இரண்டு கணக்கையும் வீட்டுக் காலண்டரில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். ராத்திரி சீரியல் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்து முடித்ததும் டிவியை அணைத்துவிட்டு, அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பத்து நிமிஷம் பேசுங்கள். அவள் செய்தது சரியா என்று கேளுங்கள். உங்கள் அம்மா சொன்ன கதை, பாடின பாட்டு ஏதாவது இருந்தால், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கேட்கிறவர் கையில் செல்போன் இருந்தால் பிடுங்கி வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

நூலகர் ஐயாவிடம் கேட்டுவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு இங்கே ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். ஒரு கதை, அரை மணி நேரம், அதற்குமேல் இல்லை. முடிந்ததும் பேச்சு. பீடி சுற்றுகிறவர்கள் சொளவோடு வரலாம். வாசிக்கிறவர் சொளவு கொண்டுவந்தால், அவர் பங்கைப் பக்கத்தில் இருக்கிறவர்கள் சுற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

இன்றைக்கே ஒன்று வாசித்துப் பார்த்துவிடுவோம். அந்த இடைசெவல்காரர்களில் ஒருவர் எழுதின சின்னக் கதை, பதினோரு பக்கம். எட்டாம் வகுப்புப் படிக்கிற தங்கச்சி வாசிக்கிறேன் என்று கை தூக்கியிருக்கிறாள். தூற ஆரம்பித்துவிட்டது, வாசலில் நிற்கிறவர்கள் உள்ளே வந்து பாயில் உட்காருங்கள். நீ வா தாயி. மைக் வேண்டாம், அணைத்துவிடுங்கள். கொஞ்சம் மெதுவா வாசி.