சாவியை எப்போது கொடுப்பது?

நடுவர் அவர்களே, வணக்கம். "சபைத் தலைமையை அடுத்த தலைமுறையிடம் இப்போதே கொடுக்க வேண்டும்" என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர், வேதத்தில் வரும் சாலொமோன் ராஜாவின் மகன் ரெகொபெயாம் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். பெரியவர்களின் ஆலோசனையைத் தள்ளிவிட்டு வாலிபர் பேச்சைக் கேட்டான், இஸ்ரவேலின் பத்துக் கோத்திரம் கையை விட்டுப் போனது. சரி, நடந்தது அதுதான். ஆனால் ராஜாவானபோது அவனுக்கு வயது 41 என்பதை நண்பர் சொல்லவில்லையே! 41 வயது விடலைப் பருவமா? சாலொமோன் 40 வருடம் ஆண்டார். அத்தனை வருடத்தில் அந்த மகனுக்கு ஒரு சின்னப் பொறுப்பாவது கொடுத்துப் பழக்கினார் என்று வேதத்தில் தேடிப் பார்த்தேன், எனக்கு ஒரு வசனம்கூடக் கிடைக்கவில்லை. அப்பா கண்ணை மூடிய பிறகுதான் மொத்த ராஜ்யமும் ஒரே நாளில் அவன் தலையில் இறங்கியது.

இதே குடும்பத்தில் தாத்தா தாவீது என்ன செய்தார்? தான் உயிரோடு இருக்கும்போதே சாலொமோனை ராஜாவாக்கினார். பையன் இளைஞன் என்று அவருக்குத் தெரியும், சபையார் முன்னால் அவரே வாய்விட்டுச் சொல்கிறார். சொல்லிவிட்டு, கட்டவேண்டிய ஆலயத்தின் மாதிரியைக் கையில் கொடுத்து, பொன்னையும் வெள்ளியையும் சேர்த்துவைத்து, பிரபுக்களைக் கூப்பிட்டு இவனுக்கு உதவி செய்யுங்கள் என்கிறார்.

நம் சபைகளில் "முதிர்ச்சி வரட்டும், முதிர்ச்சி வரட்டும்" என்று சொல்லியே பையனுக்கு 40 ஆகிவிடுகிறது. அதுவரை நாற்காலி அடுக்கினான், மைக் சரிபார்த்தான், வாலிபர் கூட்டத்தில் பாட்டு நடத்தினான். கணக்கு நோட்டை ஒரு தடவை திறந்து பார்த்திருப்பானா? மனஸ்தாபத்தோடு வரும் ஒரு குடும்பத்தின் முன்னால் போதகர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பானா? முதிர்ச்சி எந்தக் கதவு வழியாக வரும் என்று எதிர்பார்க்கிறோம்?

பெரியவர்களை வெளியே போகச் சொல்லவில்லை ஐயா. எண்ணாகமம் 8-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்தில் பணி செய்யும் லேவியர் 25 வயதில் பணிக்கு வர வேண்டும், 50 வயதில் பணியை விட வேண்டும். விட்ட பிறகும் கூடாரத்தில் சகோதரருக்குத் துணையாக இருக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. போப் 16-ஆம் பெனடிக்ட், 85 வயதில், பலம் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி 2013 பிப்ரவரியில் பதவி விலகினார். சுமார் 600 வருடமாக எந்தப் போப்பும் அப்படி விலகியதில்லை. அதனால் அவர் மதிப்பு குறைந்ததா?

எங்கள் சபைப் பொருளாளர் 27 வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தவர். ஒரு நாள், படிப்பு முடித்து வந்த ஒரு தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்து, காணிக்கையை எண்ணச் சொன்னார். முதல் மாதம் அவள் கூட்டல் 500 ரூபாய் இடித்தது. முகம் வாடிப்போனாள். அவர் பேனாவை வாங்கவில்லை. "மேலேயிருந்து இன்னொரு தடவை கூட்டும்மா" என்று சொல்லிவிட்டு, அவள் தப்பைக் கண்டுபிடிக்கும்வரை முக்கால் மணி நேரம் பேசாமல் கூடவே இருந்தார். இரண்டு வருடம் இப்படி. மூன்றாம் வருடம் பெட்டிச் சாவியை ஆராதனையில் எல்லோர் முன்னாலும் அவள் கையில் கொடுத்தார்.

இப்போதும் காணிக்கை எண்ணும் நேரத்தில் அவர் வருகிறார். அவள் எண்ணுகிறாள், அவர் சில்லறையை அடுக்கித் தருகிறார்.