வசனம் பேசுறவன் மேலருந்து கேமராவ எடுங்கப்பா

வணக்கம் மக்களே, மதுரை செல்லூர்ல எங்க மொட்டமாடில உக்காந்து பேசிக்கிட்டு இருக்கேன், கீழ தறிச் சத்தம் வரும், கண்டுக்காதீங்க. ஷாட்டு, ஒரு ஷாட்டுலருந்து அடுத்ததுக்குத் தாவுற கட்டு, இது பத்தி ஒரு வீடியோ போடுண்ணேன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கீங்க. லோ ஆங்கிள் வச்சா கெத்து, ஹை ஆங்கிள் வச்சா பாவம்னு லிஸ்ட் போட்டு சொல்ற வீடியோ யூடியூப்ல கொட்டிக் கிடக்கு, அத நான் பேசப்போறதில்ல, அது பாதி நேரம் வொர்க் ஆகுறதும் இல்ல. எனக்கு சொல்ல வேண்டியது ஒன்னுதான், ஒரு சீன் யாரோட சீன்னு கடைசியா முடிவாகுறது எடிட்டிங்ல, அதுவும் பேசிக்கிட்டு இருக்கவர விட்டுட்டு கேட்டுக்கிட்டு இருக்கவங்க மூஞ்சிக்கு எப்ப போறோம்ங்கிற இடத்துல.

டெஸ்ட்டுக்காக ஒரு குட்டி சீன் எடுத்து வச்சிருக்கேன், ஸ்க்ரீன்ல ஓடுது பாருங்க. எங்க மாமாதான் அப்பா, அத்தை மகதான் பொண்ணு, பின்னாடி அடுப்படி வாசல்ல அத்தை உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்காங்க. மாமா உள்ள வந்து சட்டையக் கழட்டி ஆணில மாட்டிக்கிட்டே "வீட்ட வித்தாச்சும்மா"ன்னு சொல்றாரு, அம்புட்டுதான் டயலாக்கு.

முதல் வெர்ஷன்ல டயலாக் முடியிற வரைக்கும் மாமா மூஞ்சி. இது ஒரு தோத்துப்போன மனுசனோட கதை. ரெண்டாவதுல அவரு "வீட்ட"ன்னு ஆரம்பிக்கும்போதே பொண்ணுக்கு கட் பண்ணிட்டேன், குரல் மட்டும் அவருது, இப்ப அவரப் பத்தி யாரும் கவலப்படல பாத்தீங்களா, இந்தப் புள்ளைக்கு அடுத்து என்னங்கிறதுலதான் மனசு நிக்குது. மூணாவது வெர்ஷன் தான் எனக்குப் பிடிச்சது. அதே குரல், ஆனா ஷாட்டு அத்தை மேல, அவங்க தலையத் தூக்கல, வெங்காயத்த உரிச்சுக்கிட்டே இருக்காங்க. அப்படின்னா என்ன? அத்தைக்கு முன்னாடியே தெரியும்! புருசனும் பொண்டாட்டியும் பேசி முடிச்சுட்டுதான் புள்ளைக்கு சொல்றாங்க. இத வசனமா எழுதியிருந்தா ரெண்டு பக்கம் போயிருக்கும், இங்க ஒத்த கட்டுல முடிஞ்சிருச்சு.

இதுல கூத்து என்னன்னா அத்தைக்கு கதையே தெரியாது, ஷூட்டிங்குக்கு வந்த பயலுகளுக்கு சாம்பார் வைக்கத்தான் நெசமாவே வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க, வாசலப் பாத்து கேமரா வச்சு நான் எடுத்தது. பாத்தவங்க எல்லாம் உங்க அத்தை என்னமா நடிச்சிருக்காங்கன்னு சொல்றாய்ங்க.

இதத்தான் ரஷ்யால குலஷோவ்னு ஒருத்தரு நூறு வருசத்துக்கு முன்னாடியே பண்ணிட்டாரு. இவான் மோஸ்ஜுகின்னு அப்ப பெரிய ஸ்டார், அவரோட ஒரே க்ளோஸப்ப எடுத்துக்கிட்டு ஒருதடவ சூப் தட்டு பக்கத்துல ஒட்டுனாரு, ஒருதடவ சவப்பெட்டி பக்கத்துல, மூணாவது என்னங்கிறது சொல்ற ஆளப் பொறுத்து மாறும். மூஞ்சி மாறவே இல்ல, ஆனா ஜனங்க ஆஹா என்ன பசி, என்ன துக்கம்னு நடிப்பப் பாராட்டுனாங்கன்னு குலஷோவோட சிஷ்யர் புடோவ்கின் எழுதியிருக்காரு. அந்த ஃபிலிம் இப்ப இல்ல, தொலைஞ்சு போச்சு.

சரி, கேக்குறவங்களுக்கு கட் பண்ணணும், ஆனா எப்ப? "வித்தாச்சு" வந்ததுக்கு அப்புறம் போனா அந்தப் புள்ளைக்கு நியூஸ் வந்து விழுது, நம்ம தள்ளி நின்னு வேடிக்க பாக்குறோம். அந்த வார்த்தைக்கு முன்னாடியே போயிட்டா அவ கூட சேந்து நம்மளும் காத்துக்கிட்டு இருக்கோம். சினிமாவுல செகண்டுக்கு 24 ஃப்ரேம், இந்த ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் ஒரு 12 ஃப்ரேம் இருக்கும், அர செகண்டு. சீரியல்காரய்ங்களுக்கும் கேக்குறவங்கதான் முக்கியம்னு நல்லாவே தெரியும், அதுக்குன்னு மாமியா, நாத்தனா, வேலைக்காரம்மா வரைக்கும் ஆளுக்கு மூணு தடவ டும் டும் டும்னு ஜூம் பண்ணுனா எப்படிப்பா? எல்லாருக்கும் ரியாக்ஷன் குடுத்தா சீன் யாரோடதும் இல்லாமப் போயிருது.

லைன் பத்தியும் கேட்டிருந்தீங்க, அதாவது ஓடுற திசையிலயோ பேசுற ரெண்டு பேருக்கு நடுவுலயோ ஒரு கோடு இருக்கிறதா வச்சுக்கிட்டு, கேமரா அதத் தாண்டாம ஒரே பக்கம் நிக்கணும்ங்கிற ரூல், வேகமா சொல்லிடுறேன். அலங்காநல்லூர்ல வாடிவாசல்லருந்து மாடு வருது, நீங்க நிக்கிற கேலரிலருந்து பாத்தா இடமிருந்து வலமா ஓடுதுன்னு வைங்க. நடுவுல எதிர் கேலரி கேமராவுக்கு கட் பண்ணிட்டா அதே மாடு வலமிருந்து இடமா ஓடும், பாக்குறவனுக்கு மாடு பயந்து வாடிவாசலுக்கே திரும்பிப் போற மாதிரி இருக்கும், மாட்டுக்காரரு உங்கள சும்மா விடமாட்டாரு. ரெண்டு பேரு பேசுறதும் இதே கணக்குதான், ஒருத்தரு தோளுக்குப் பின்னாடி நின்னு இன்னொருத்தர எடுக்குற சஜஷன் ஷாட் வைக்கும்போது கோட்டுக்கு ஒரே பக்கம் நின்னு எடுத்தீங்கன்னா மாமா வலது பக்கம் பாப்பாரு, பொண்ணு இடது பக்கம் பாக்கும், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தரு பாக்குற மாதிரி லுக் ஒக்காந்துரும்.

ஆனா இத சாமி குத்தம் மாதிரி பிடிச்சுக்கிட்டு தொங்க வேணாம். வால்டர் மர்ச்னு ஒரு எடிட்டரு, அபோகலிப்ஸ் நவ்ங்கிற ஹாலிவுட் படத்த எடிட் பண்ணவங்கள்ல ஒருத்தரு, ஒரு நல்ல கட்டுக்கு ஆறு விஷயம் பாக்கணும்னு நூத்துக்கு மார்க் போட்டிருக்காரு. உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, ரிதத்துக்கு 10, கடைசில யாரு எங்க நிக்கிறாங்கங்கிற இடக் கணக்குக்கு வெறும் 4. மிச்ச அஞ்சையும் கூட்டுனாலும் 49தான் வருது பாத்தீங்களா, அதுலதான் இருக்கு விஷயமே. உணர்ச்சி சரியா உக்காந்துருச்சுன்னா லைன் தாண்டுனாலும் ஒருத்தனும் கேக்கமாட்டான்.

நம்ம ஊரு பக்கத்துக் கதைங்க ரெண்டு எடிட்டிங்குக்கு நேஷனல் அவார்டு வாங்கியிருக்கு, தெரியுமா? பருத்திவீரனுக்கு ராஜா முகமது, ஆடுகளத்துக்கு கிஷோர். பிரியாமணி வாங்குனது, தனுஷ் வாங்குனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, இவங்கள டீக்கடைல கேட்டுப் பாருங்க, முழிப்பாய்ங்க. கிஷோர் 2015ல 36 வயசுலயே இறந்துட்டாரு, அப்புறமா விசாரணைக்காக இன்னொரு அவார்டு குடுத்தாங்க. அந்தப் படங்கள மறுபடி போட்டு வசனத்த விடுங்க, ஒவ்வொருத்தரு பேசும்போதும் திரையில யாரு இருக்காங்கன்னு மட்டும் கவனிங்க.

நீங்க ஃபோன்ல எடுக்குற ஆளா இருந்தா ஒன்னு பண்ணுங்க. பேசுறவர எடுத்து முடிச்சதும் ஷூட்டிங் முடிஞ்சதுன்னு பேக்கப் சொல்லிறாதீங்க, கேமராவ கேக்குறவங்க பக்கம் திருப்பி வச்சு, வசனத்த மறுபடி முதல்லருந்து வெளிய நின்னு பேசச் சொல்லுங்க, முழுசா. ஸ்டோரேஜ் போகுதேன்னு பாக்காதீங்க. வசனம் முடிஞ்சதும் கட்டுன்னு கத்தாம ஒரு பத்து செகண்டு சும்மா ஓட விடுங்க, நடிக்கிறத நிறுத்திட்டு மூக்கச் சொறிவாங்க, பெருமூச்சு விடுவாங்க, அதுலருந்துதான் எனக்கு நெறைய ஷாட்டு கிடைச்சிருக்கு. மூணு வெர்ஷன்ல உங்களுக்கு எது பிடிச்சிருக்குன்னு கமெண்ட்ல போடுங்க, மாமா மட்டும் முதல் வெர்ஷன் தான் பெஸ்டுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு.