கறுப்புத் திரையில நிண்ட ரீச்சரின்ர லினக்ஸ்

வணக்கம் எல்லாருக்கும். இண்டைக்கு விறாந்தையில இருந்து கதைக்கிறன். கொக்குவில்ல மழை இன்னும் விடேல்லை, பின்னால தகரத்தில விழுற சத்தம் கேக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

மேசையில கிடக்கிற இந்த மெசின் எங்கட ஒழுங்கையில இருக்கிற ஒரு ரீச்சரின்ர. தமிழ் படிப்பிச்சு இப்ப பென்சன் எடுத்திட்டா. நாலைஞ்சு வரியத்துக்கு முதல், விண்டோஸை இழுக்கேலாமல் கிடந்த இதுக்கு, அதுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் எண்டுற இலவச ஒப்பறேற்றிங் சிஸ்டத்தை நான்தான் போட்டுக் குடுத்தனான். அண்டைக்குப் பிறகு ஒரு கரைச்சலும் இல்லை. போன கிழமை இடியோட கரண்ட் போய் வந்து, போய் வந்து, மூண்டாம் தரம் போன நேரம் ரீச்சர் ரைப் பண்ணிக்கொண்டு இருந்தவவாம். யூபிஎஸ் பற்றரி எப்பவோ செத்துப்போச்சு. அடுத்தநாள் போட்டால் கறுப்புத் திரை. ஒரு கடைக்குக் கொண்டுபோக, "ஃபோமற் பண்ணத்தான் வேணும், உள்ளுக்குக் கிடக்கிறது எல்லாம் போயிடும்" எண்டு சொல்லிப்போட்டினம். நேர என்னட்டை வந்திட்டா. "மோனை, அம்மா சொல்லித்தந்த பாட்டெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு" எண்டா. தாலாட்டு, அரிவு வெட்டுப் பாட்டு, ஒப்பாரி, எல்லாம் அவ தன்ர நினைவில இருந்து ரைப் பண்ணினது. வேற கொப்பி இல்லை.

சரி, திரையைக் கிட்டக் காட்டுறன். பாருங்கோ. 'பிஸிபொக்ஸ்' எண்டு ஒரு வரி, கீழ அடைப்புக்குறிக்குள்ள 'இனிற்றாம்எஃப்எஸ்', பக்கத்தில மினுங்கிற கேர்சர். இதைக் கண்டவுடன கொம்பியூட்டர் செத்துப்போச்சு எண்டு நினைக்கிற ஆக்கள் கனபேர். இல்லை. லினக்ஸின்ர மையப் பகுதியான கேர்னல் எழும்பிட்டுது, மெமரி, கீபோட் எல்லாம் வேலை செய்யுது. உங்கட ஃபைல்கள் இருக்கிற பாட்டிஷனை, அதாவது டிஸ்க்கில பிரிச்சு வைச்ச அந்தப் பகுதியை மட்டும் திறக்கேலாமல் வாசல்ல நிக்குது. இதில 'எக்ஸிற்' எண்டு ரைப் பண்ணி என்ரர் தட்டுங்கோ. ஏன் நிண்டது எண்ட காரணத்தைத் திருப்பிச் சொல்லும். இந்தா, 'எஸ்டிஏ2'வில பிழை இருக்குது, எஃப்எஸ்சிகேயைக் கையால ஓட்டு எண்டு கேக்குது. எஸ்டிஏ2 எண்டது அந்தப் பாட்டிஷனின்ர பேர், எஃப்எஸ்சிகே எண்டது டிஸ்க்கில இருக்கிற பிழையளைத் தேடித் திருத்திற புரோகிராம்.

ஏன் கையால? ஒவ்வொருதரம் எழும்பேக்கயும் லினக்ஸ் டிஸ்க்கைச் சோதிக்கும். ஆபத்தில்லாத சின்னப் பிழையளைக் கேக்காமலே திருத்திப்போடும். எதையாவது வெட்டியெறிய வேண்டி வந்தால் தான் முடிவெடுக்காது. நிண்டு எங்களைக் கேக்கும். அந்த நிலைமையிலதான் இப்ப நிக்குது.

இனி நான் சொல்லுறதைக் கவனமாக் கேளுங்கோ. 'எஃப்எஸ்சிகே', பக்கத்தில ஒரு சின்னக் கோடு, பிறகு 'வை' எண்டு அடிச்சால் சரிவரும் எண்டு எல்லாரும் சொல்லுவினம். கனதரம் சரிவரும், உண்மை. ஆனால் அந்த 'வை' எண்டது, அது கேக்கிற ஒவ்வொரு கேள்விக்கும் வாசிக்காமல் ஓம் ஓம் எண்டு தலையாட்டுறது. உடைஞ்ச ஃபைலை வெட்டவோ? ஓம். இந்தப் பதிவை அழிக்கவோ? ஓம். ரீச்சரின்ர பாட்டில அப்பிடித் தலையாட்ட எனக்கு மனம் வரேல்லை.

இன்னொரு காரணமும் இருக்கு. லினக்ஸ் டிஸ்க்கில ஃபைல்களை அடுக்கி வைக்கிற முறை, எக்ஸ்ட்4 எண்டுற ஃபைல் சிஸ்டம், அதுக்குள்ள ஒரு நாளேடு இருக்கு. கடைக்காரர் பேரேட்டில ஏத்த முதல் சிட்டையில குறிச்சு வைக்கிற மாதிரி, செய்யப்போற மாற்றத்தை முதல் அதில எழுதிப்போட்டுத்தான் உரிய இடத்தில எழுதும். இடையில கரண்ட் போனால், திரும்ப எழும்பேக்க சிட்டையைப் பாத்துச் சரிப்பண்ணும். அப்ப வெறும் கரண்ட் போனதுக்கு இப்பிடி வந்து நிக்கிறது குறைவு. நிண்டால் டிஸ்க்கிலதான் என்ர சந்தேகம் முதல் போகும்.

அதால பென் டிறைவில மின்ட்டைப் போட்டு அதில இருந்து எழுப்பினன். மின்ட்டில 'டிஸ்க்ஸ்' எண்டு ஒண்டு இருக்கு. அதில ஹாட்டிஸ்க்கைத் தெரிஞ்சு, மேல இருக்கிற மெனுவில ஸ்மார்ட் டேற்றாவை, அதாவது டிஸ்க் தன்ர சுகத்தைப் பற்றித் தானே குறிச்சு வைக்கிற கணக்கைத் திறவுங்கோ. 'கரண்ட் பெண்டிங் செக்டர்' எண்ட வரி தெரியுதோ? 16. இதில 0 தான் இருக்கோணும். வாசிக்கப் பாத்து வாசிக்கேலாமல் போன 16 இடம் இருக்கெண்டு டிஸ்க் தானே சொல்லுது. இந்த டிஸ்க்கில எஃப்எஸ்சிகே ஓட்டுறது, சாகக் கிடக்கிறவரைப் பிடிச்சு மூட்டை தூக்க விடுறது மாதிரி.

முதல் வேலை, பாட்டுகள் கிடந்த ஃபோல்டரை வெளியில எடுத்தன். பாட்டிஷனை மவுண்ட் பண்ணேக்க, அதாவது உள்ளுக்கு இருக்கிறதைப் பாக்கத் திறக்கேக்க, 'ஆர்ஓ' எண்டு குடுத்தால் வாசிக்க மட்டும் எண்டுதான் நாங்கள் நினைப்பம். எக்ஸ்ட்4 அப்பவும் அந்த நாளேட்டைப் பாத்து டிஸ்க்கில எழுதப் பாக்கும். ஒரு எழுத்தும் எழுதாமல் இருக்க 'ஆர்ஓ' பக்கத்தில கொமா போட்டு 'நோலோட்' எண்டும் குடுக்கோணும். இதை மறக்காதேங்கோ.

கொப்பி ஓடிச்சுது. பழைய பாடக்குறிப்பு ஒண்டில 'இன்புட் அவுட்புட் எரர்' எண்டு நிண்டது, மற்றதெல்லாம் வந்திட்டுது. ஆனால் கரண்ட் போன நேரம் ரீச்சர் எழுதிக்கொண்டு இருந்த தாலாட்டு ஃபைலைக் காணேல்லை. ஃபோல்டருக்குள்ள பேரே இல்லை.

பிறகு புது எஸ்எஸ்டி ஒண்டு வாங்கிக்கொண்டு வந்து, பழுதான டிஸ்க்கில இருந்து கொப்பி எடுக்கிற 'டிடிரெஸ்கியூ'வால முழு டிஸ்க்கையும் அதுக்குக் கொப்பி பண்ணினன். பழசு 320 ஜிபி, புதுசு 480. புதுசு பழசிலும் சின்னனா இருக்கக் கூடாது. இந்த புரோகிராம் முதல் நல்ல இடங்களை எல்லாம் அள்ளிப்போட்டு, கடைசியாத்தான் பழுதான இடங்களுக்குத் திரும்பி வரும். எங்க விட்டது எண்டதை ஒரு மாப் ஃபைலில குறிச்சு வைக்கும், அதால இடையில கரண்ட் போனாலும் விட்ட இடத்தில இருந்து தொடரலாம். எங்கட ஊருக்கு இது பெரிய உதவி. மாப் ஃபைலை வேற பென் டிறைவில வையுங்கோ. விடியப் பார்த்தால் முடிஞ்சு கிடந்தது. உடனை பழைய டிஸ்க்கைக் கழட்டிட்டன். லினக்ஸ் டிஸ்க்கை அடையாளம் காணுற நம்பர், யூயூஐடி, ரெண்டுக்கும் இப்ப ஒண்டுதான், ரெண்டையும் பூட்டி வைச்சால் எது எதெண்டு லினக்ஸ் குழம்பும்.

இப்ப புது டிஸ்க்கில, மவுண்ட் பண்ணாமல், எக்ஸ்ட்4க்குரிய எஃப்எஸ்சிகேயான 'ஈ2எஃப்எஸ்சிகே'யை, சின்னக் கோடு போட்டு 'எஃப்' குடுத்து ஓட்டினன். கேள்வியளை வாசிச்சு வாசிச்சுத்தான் ஓம் குடுத்தன். பிழைச்சாலும் மூலம் அங்கால பத்திரமாக் கிடக்கு எண்டதால பயமில்லை. ஒரு கேள்வி இப்பிடி: சொந்தமில்லாத ஃபைல் ஒண்டு இருக்கு, 'லொஸ்ற் பவுண்ட்' எண்டுற ஃபோல்டரோட இணைக்கவோ? கட்டாயம் ஓம் குடுங்கோ. பேர் அழிஞ்சாலும் உள்ளுக்கு இருக்கிறது உயிரோட கிடக்கிற ஃபைல்கள் அங்கதான் போய்ச் சேரும்.

முடிய அந்த ஃபோல்டரைப் பாத்தால் ஆறு ஃபைல். பேர் இல்லை, வெறும் நம்பர். என்ன வகை ஃபைல் எண்டு சொல்லுற 'ஃபைல்' கொமாண்டைக் குடுத்துப் பாக்க, ஒண்டு ஓப்பன்டொக்கியூமெண்ட் எண்டு வந்தது. அந்த நேரம் ரீச்சரும் வந்து பக்கத்தில இருந்தவ. லிப்ரே ஒபிஸில திறந்தன். முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். "போச்சே மோனை" எண்டு எழும்பிட்டா.

போகேல்லை. அவ ரைப் பண்ணுறது பாமினியில. அது பழைய தமிழ் எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின்ர இடத்திலதான் தமிழ் எழுத்தைக் காட்டும், எழுத்துரு இல்லாட்டி ஆங்கிலமாத்தான் தெரியும். பென் டிறைவில இருந்து எழும்பின மின்ட்டில பாமினி எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பாமினி ரிரிஎஃப் ஃபைலை எடுத்து ஃபொன்ற்ஸ் ஃபோல்டருக்குள்ள போட்டு, ஒபிஸை மூடித் திரும்பத் திறந்தன். தமிழ் வந்திட்டுது. ரீச்சர் கண்ணாடியைப் போட்டு, திரையில விரலை வைச்சு, வரி வரியா வாசிச்சுக்கொண்டு போய் கடைசி வரியில நிப்பாட்டினவ. "இதிலதான் கரண்ட் போனது" எண்டா.

இப்ப மெசின் தானா எழும்புது, பாருங்கோ, மின்ட் லோகோ வந்திட்டுது. யூபிஎஸ்ஸுக்குப் புதுப் பற்றரி போட்டாச்சு. சனிக்கிழமை ரீச்சர் வீட்டை போய் எல்லாப் பாட்டையும், எந்த மெசினிலயும் தமிழாத் தெரியிற யூனிகோடுக்கு மாத்தி, ஒரு பிரிண்டும் எடுத்துக் குடுக்கப்போறன். உங்கட மெசினும் இப்பிடி நிண்டால், ஃபோமற் பண்ண முதல் திரையில இருக்கிற கடைசி நாலு வரியைப் போனில படமெடுத்து எனக்கு அனுப்புங்கோ, பாத்துச் சொல்லுறன்.