மேடவாக்கமா, முடிச்சூரா? வீடு வாங்குமுன் ஏரியா பார்ப்பது எப்படி

ஒரு கேள்வி வந்திருக்கு. "சோழிங்கநல்லூர்ல வேலை. தனி வீடு வாங்கணும். மேடவாக்கம் பக்கம் ஒண்ணு, முடிச்சூர் பக்கம் ஒண்ணு பார்த்து வச்சிருக்கோம். எந்த ஏரியா நல்லது?"ன்னு கேட்டிருக்காங்க.

ஊர்ப் பேரை வச்சு இதுக்குப் பதில் சொல்ல முடியாதுங்க. ரெண்டு பக்கமும் தண்ணி நின்ன தெரு இருக்கு, கொஞ்சம் தள்ளி வாசல்படி நனையாத தெருவும் இருக்கு. ஸ்கூல், ஆஸ்பத்திரி, கடையெல்லாம் பின்னாடி வந்துடும். மாதவரம் - சோழிங்கநல்லூர் மெட்ரோகூட மேடவாக்கம் வழியாத்தான் வருது. தரை மட்டம் மட்டும் உங்க கையில இல்ல. சென்னைப் புறநகர்ல ஏரியா பார்க்கிறதுன்னா முதல்ல ஏரியைப் பார்க்கிறதுதான்.

முடிச்சூர்ல வெள்ளம்னாலே செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துட்டாங்கன்னு சொல்லிடுவாங்க. அந்த உபரித் தண்ணி திருநீர்மலைப் பக்கம், முடிச்சூரைத் தாண்டித்தான் அடையாறு ஆத்துல சேருது. முடிச்சூருக்கு வர்றது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிங்க நிறைஞ்சு வர்ற தண்ணி. அதனால செம்பரம்பாக்கம் நிலவரத்தை டிவியில பார்த்துட்டு நிம்மதியா இருந்துட முடியாது. மேடவாக்கம் கதை வேற. அங்க ஒரு ஏரி நிறைஞ்சு அடுத்த ஏரிக்குப் போயி, கடைசியில பள்ளிக்கரணை சதுப்புநிலத்துல விழுது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், அப்புறம் கடல். வெளியேறுற வழி குறுகல். அதனால தாழ்வான தெருவுல ஏறின தண்ணி சீக்கிரம் வடியாது.

ஏரிக்கரைப் பக்கம் வீடுன்னா ஒரு வித்தியாசம் தெரிஞ்சுக்கணும். கரைக்கு உள்பக்கம், அதாவது உள்வாயில இருந்தா அது தண்ணி நிக்கிற இடம். அந்தப் பேச்சையே விட்டுடுங்க. கரைக்கு வெளிப்பக்கம் பழைய வயல்ல போட்ட மனையா இருந்தா, கலங்கல் எங்க இருக்குன்னு தேடுங்க. ஏரி நிறைஞ்சா கலங்கல் வழியாத்தான் தண்ணி வழியும். அது போற பாதையில உங்க தெரு இருந்தா, ஏரி அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் தப்பிக்க முடியாது.

இதை வீட்ல உக்காந்தே பாதி பார்த்துடலாம். தமிழ்நாடு அரசோட இ-சேவை நில ஆவணத் தளத்துல பட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை நிலம்னு காட்டுறது), புலப்படம் (நிலத்தோட அளவு வரைபடம்) மூணும் கிடைக்கும். எல்லாரும் வாங்கப்போற சர்வே நம்பரை மட்டும் போட்டுப் பார்க்கிறாங்க. அது பத்தாது. சுத்தியிருக்கிற நம்பரையும் அ-பதிவேட்டுல ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க. ஏதாவது ஒண்ணு வாய்க்கால் புறம்போக்குன்னு வந்து, நேர்ல போனா அங்க வாய்க்காலே இல்ல, தார் ரோடு இருக்குன்னா, மழை வந்ததும் அந்த ரோடுதான் வாய்க்கால். வில்லங்கச் சான்றுல இதெல்லாம் வராது. கம்ப்யூட்டர்ல கூகுள் எர்த் போட்டு அதே இடத்தோட பழைய வருஷப் படங்களையும் பின்னாடி தள்ளிப் பாருங்க.

அப்புறம் தெருவுல நடங்க, புரோக்கர் இல்லாம. காம்பவுண்ட் சுவத்துல ஒரே உயரத்துல கோடு மாதிரி கறை ஓடுதா? ஈபி மீட்டர் பெட்டியை நெஞ்சு உயரத்துக்கு மேல ஏத்தி வச்சிருக்காங்களா? மோட்டாரை மேடை கட்டி வச்சிருக்காங்களா? புது வீடுங்க மட்டும் நாலு அடி தூக்கிக் கட்டியிருக்கா? இதுல ரெண்டு இருந்தாலே விஷயம் புரிஞ்சுடும். இஸ்திரி வண்டிக்காரர், பால் போடுறவர்கிட்ட பேச்சுக் கொடுங்க. "இங்க தண்ணி வருமா?"ன்னு கேட்டா "அதெல்லாம் இல்ல சார்"னுதான் வரும். "2015ல எதுவரைக்கும் வந்துச்சு, 2023 மிக்ஜாம் புயல்ல எதுவரைக்கும், எத்தனை நாள்ல வடிஞ்சுது, கரண்ட் எப்ப வந்துச்சு?"ன்னு கேளுங்க. கையை வச்சே உயரம் காட்டுவாங்க.

ரோட்டுக்கும் வீட்டுத் தரைக்கும் உள்ள உயரத்தை ஒரு மேஸ்திரியை வச்சு டியூப் லெவல் (தண்ணி நிரப்பின குழாய்) பிடிச்சுப் பார்த்துடுங்க. ரெண்டடிக்குக் குறைவுன்னா நான் யோசிப்பேன். பழைய தாரைச் சுரண்டாம மேலயே ரோடு போடப் போட, வருஷம் போகப் போக வீடு பள்ளத்துக்குப் போயிடும். கேட்ல இருந்து உள்ள இறங்கிப் போற வீடெல்லாம் கட்டும்போதே அப்படிக் கட்டினது இல்ல.

குடிதண்ணிக்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட அளவைக் காட்டுறது) வாங்கிக்கோங்க, சில நூறு ரூபாதான். போர் தண்ணியில 500க்குள்ள இருந்தா நல்லது. 2000ஐத் தாண்டினா குடிக்கவே ஆகாது, குழாய், கீசர் எல்லாம் உப்புப் பிடிக்கும். மழை முடிஞ்ச ஜனவரியில எடுத்த அளவை நம்பாதீங்க, மே மாசத்துல எத்தனை லாரி தண்ணி வாங்குறாங்கன்னு பக்கத்து வீட்ல கேளுங்க. பாதாளச் சாக்கடை இணைப்பு அந்தத் தெருவுக்கு வந்துடுச்சா, இன்னும் செப்டிக் டேங்க்தானான்னும் பாருங்க. மழைக்காலத்துல டேங்க் நிறைஞ்சு டாய்லெட்ல எதிர்த்துக்கிட்டு வர்றது வெள்ளத்தைவிடக் கொடுமை.

போக்குவரத்துல உங்களுக்குக் கணக்கு சுலபம். முடிச்சூர்ல இருந்து தாம்பரம் ஸ்டேஷன், வெளிவட்டச் சாலை, கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் எல்லாம் வசதி, ஆனா சோழிங்கநல்லூருக்குத் தினமும் குறுக்கே வரணும். திங்கக்கிழமை காலையில ஆபீஸ் நேரத்துக்கு ஒரு தடவை வண்டி ஓட்டிப் பாருங்க. ஞாயித்துக்கிழமை ஓட்டிப் பார்த்துட்டு அரை மணி நேரம்தான்னு முடிவு பண்ணாதீங்க.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல ஆரம்பிக்குது. இப்ப பிடிச்சிருந்தாலும் பெரிய அட்வான்ஸ் கொடுக்காம, ஒரு நல்ல மழை பெய்ஞ்ச மறுநாள் காலையில அந்தத் தெருவுக்குப் போய்ட்டு வந்து முடிவு பண்ணுங்க. "அதுக்குள்ள வேற பார்ட்டி வந்துடுவாங்க"ன்னு புரோக்கர் சொல்லுவார். வந்தா வரட்டும்.