மழைக்கு அறுந்த இணையம்

வணக்கம் நேயர்களே.

மழை வந்தால் மின்சாரம் போவது நமக்குப் பழக்கம். சென்ற ஐப்பசியில் எங்கள் வீட்டில் மின்சாரம் இருந்தது, இணையம் போயிற்று. அதுவும் முழுதாகப் போகவில்லை. சிங்கப்பூரிலிருந்து பேசும் மகன் வாய் திறந்தபடி திரையில் உறைவான். ஐந்து நிமிடம் கழித்து உயிர் பெறுவான். வெயில் அடித்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

எங்களுடையது வைஃபை அல்ல. ரவுட்டர் முகப்பில் இருக்கிறது, நான் உட்காருவது இரண்டாம் கட்டில். நடுவில் வளவு என்னும் திறந்த முற்றம். செங்கல்லும் சுண்ணாம்புமாக முழங்கைக் கனத்தில் நிற்கும் சுவர்களை வைஃபை தாண்டாது. ஆகவே வளவுத் தாழ்வாரத்தின் ஓட்டோரமாகக் கேபிள் இழுத்திருந்தோம்.

மூன்று முறை புகார் செய்தேன். மூன்று முறையும் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். எனக்கு இந்த யோசனையின் மேல் மரியாதை இல்லை. சரியானாலும் ஏன் சரியானது என்று தெரியாது. மறுநாள் திரும்ப வரும்.

நான்காம் முறை ஒரு தம்பி நேரில் வந்தார், நல்ல மழையில். ஒரு மீட்டர் கேபிளில் தம் மடிக்கணினியை ரவுட்டரோடு நேராக இணைத்து அரைமணி நேரம் பார்த்தார். ஒருமுறைகூட அறுபடவில்லை. “ஐயா, முகப்புவரை குறையில்லை. குறை உள்ளே இருக்கிறது” என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் வழியைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

கணினியில் கட்டளைச் சாளரத்தை (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து, பிங் (ping) என்று ஆங்கிலத்தில் தட்டி, இடம் விட்டு, ரவுட்டரின் முகவரியைக் கொடுக்க வேண்டும். பல ரவுட்டர்களில் அது 192.168.1.1, பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டிலும் இருக்கும். விண்டோஸ் என்றால் பின்னால் இடம் விட்டு ஒரு சிறு கோடும் டி (t) என்ற எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். கேபிளில் இணைந்த கணினிக்கு ரவுட்டரிடமிருந்தே பதில் விட்டுவிட்டு வந்தால், சிக்கல் வீட்டுக்குள். ரவுட்டர் தவறாமல் பதில் சொல்ல, 8.8.8.8 போன்ற வெளி முகவரி மட்டும் நழுவினால், சிக்கல் பெரும்பாலும் வெளியே.

இன்னொன்றையும் காட்டினார். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். நொடிக்கு 1000 மெகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். இணைப்பு எந்த வேகத்தில் நிற்கிறது என்பதைக் கணினியின் நெட்வொர்க் விவரத்தில் பார்க்கலாம். எங்கள் வீட்டில் வெயில் நாளில் 1000, மழை நாளில் 100. ஏதோ ஒரு ஜோடி நனைகிறது என்று அந்த எண்ணே சொல்லிவிட்டது.

ஏணி போட்டுப் பார்த்தோம். கேபிள் எட்டாமல் போனதால் நடுவில் இன்னொரு துண்டை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. செய்தவன் நானேதான். பிரித்தால் உள்ளே வெள்ளைப் பொடி. பழைய துண்டு முழுச் செம்பு. நான் மலிவாக வாங்கிச் சேர்த்ததோ செம்பு முலாம் பூசிய அலுமினியம். பிளேடால் சுரண்டினால் வெண்மை தெரிந்துவிடும். இரண்டு உலோகம், நடுவில் மழைநீர்: அது ஒரு சின்ன மின்கலம். அலுமினியம் தன்னைத்தானே தின்று கரைகிறது.

நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறதே, அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டியது. உலோக அரிமானம் அங்கே பெரிய ஆய்வுத் துறை. எத்தனையோ மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்திவிட்டு, என் வீட்டு ஓட்டடியில் அதையே செய்முறையாகச் செய்து வைத்திருக்கிறேன்.

இப்போது நடுவில் ஒட்டில்லாமல், வெளிப்புறத்துக்கென்று செய்த முழுச் செம்புக் கேபிளை ஒரே நீளமாக இழுத்தாயிற்று. இந்த வகைக் கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் மறு தெருவிலுமாக இருக்கும் வீட்டுக்காரர்கள் சுற்றி இழுப்பதற்கு முன் அளந்து பாருங்கள். அந்தத் தூரத்துக்கு வீட்டுக்குள்ளும் கண்ணாடி இழை (ஃபைபர்) போடுவதே மேல். திறந்த முற்றத்தைக் கடக்கும் செம்பு, இடி மின்னலின்போது மின் பாய்ச்சலையும் உள்ளே கொண்டுவரும்.

ஏணி தேவைப்படாத இடங்களும் உண்டு. செருகியின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் தானே நழுவும். தேக்குக் கதவின் நிலையில் நசுங்கிய கேபிள், அணில் கடித்த கேபிள், இவற்றை விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம். மின்சாரக் கம்பியோடு ஒரே குழாயில் இதை நுழைக்கவே கூடாது.

கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டியில் ‘லாஸ்’ (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். வெளியிலிருந்து ஒளியே வந்து சேரவில்லை. பெட்டிக்குப் பின்னால் இழை கூர்மையாக மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, புகாரில் முதல் வரியாக அந்தச் சிவப்பு விளக்கைச் சொல்லுங்கள். ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்ல மாட்டார்கள் என்று நம்புவோம். வணக்கம்.