ஒரே செயலி, பல தரவுத்தளங்கள்: எது மூலம், எது பிரதி?

நேயர்களுக்கு வணக்கம். ஓர் இணையச் செயலிக்குள் இரண்டு, மூன்று தரவுத்தளங்களை ஒன்றாக வைத்துக்கொள்ளலாமா என்று நிரல் எழுதுவோர் கேட்கிறார்கள். தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் ஒன்றைத் தீர்மானித்துவிட வேண்டும். ஒவ்வொரு தகவலுக்கும் எந்தத் தரவுத்தளம் மூலம் (அதாவது நம்ப வேண்டிய அசல்), எவையெல்லாம் அதன் பிரதிகள்? இதை முடிவுசெய்யாமல் இரண்டாவது தளத்தைச் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது தளம் பெரும்பாலும் நியாயமான காரணத்தோடுதான் வருகிறது. வாங்குவோரின் ஆணைகளும் கணக்குகளும் போஸ்ட்கிரெஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல் போன்ற அட்டவணை வடிவத் தரவுத்தளம் ஒன்றில் பத்திரமாக இருக்கும். எழுத்துப்பிழையோடு தேடினாலும் சரியான பொருளைக் காட்ட எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் தளம் வேண்டியிருக்கும். அடிக்கடி கேட்கப்படும் தகவலை நினைவகத்திலிருந்தே எடுத்துக் கொடுக்க ரெடிஸ் என்ற தளம் வந்து சேரும். இணைப்பதும் எளிது. இணையச் செயலிகளைக் கட்ட உதவும் பைத்தான் மொழிக் கட்டமைப்பான ஜாங்கோ 2010ஆம் ஆண்டு வெளிவந்த 1.2 பதிப்பிலேயே பல தரவுத்தளங்களுக்கு இடம் கொடுத்துவிட்டது. ரூபி மொழியில் அதே வேலையைச் செய்யும் ரெயில்ஸ் 2019இல் ஆறாம் பதிப்பில் கொடுத்தது. அமைப்புக் கோப்பில் சில வரிகளைச் சேர்த்தால் போதும்.

அந்தச் சில வரிகளுக்குப் பின்னால் நாம் இழப்பது என்ன என்பதைப் பார்க்க வேண்டும். ஒரே தரவுத்தளம் இருந்தபோது, ஆணையில் உள்ள வாடிக்கையாளர் எண் உண்மையிலேயே இருக்கிறதா என்று தளமே சரிபார்த்தது. ஆணை, வாடிக்கையாளர் அட்டவணைகள் இரண்டையும் ஒரே வினவலில் இணைக்க முடிந்தது. பாதி வேலையில் கோளாறு வந்தால் முழுவதையும் பழைய நிலைக்கே திருப்பியது. தளங்களைப் பிரித்ததும் இவை மூன்றும் பெரும்பாலும் நம் தலையில் விழுகின்றன. எல்லாம் நடக்கட்டும், இல்லையேல் எதுவும் வேண்டாம் என்று காக்கும் ஜாங்கோவின் ‘அடாமிக்’ பாதுகாப்பும் ஒரு சமயத்தில் ஒரு தளத்தை மட்டுமே காக்கும்.

ஒரு புத்தக விற்பனை இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நூலின் கடைசிப் புத்தகமும் விற்றுவிடுகிறது. செயலி முதலில் மூலத் தளத்தில் இருப்பைப் பூஜ்யமாக்குகிறது. அடுத்து தேடல் தளத்திலும் மாற்ற வேண்டும். அந்த இடைவெளியில் சர்வர் நின்றுபோனால்? தேடுகிறவருக்குப் புத்தகம் இன்னும் கிடைக்கும் என்றே காட்டும். பிழைச்செய்தி வராது, எச்சரிக்கை மணி அடிக்காது. எழுதும் வரிசையை மாற்றிப் பார்த்தாலும் பயனில்லை, இடைவெளி அப்படியே இருக்கும்.

இரண்டு தளங்களும் சேர்ந்தே உறுதிசெய்யட்டும் என்பது பழைய யோசனை. கணினி அறிஞர் ஜிம் கிரே 1978இலேயே இரு கட்ட உறுதிப்பாட்டை விளக்கியிருக்கிறார். முதலில் எல்லாத் தளங்களும் ‘தயார்’ என்று சொல்ல வேண்டும், பிறகே ‘முடி’ என்ற கட்டளை போகும். ஆனால் எல்லாத் தளங்களும் ‘தயார்’ என்றபின் அவற்றை ஒருங்கிணைக்கும் நிரல் செயலிழந்தால், பூட்டிய அட்டவணை வரிகள் பூட்டியபடியே கிடக்கும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் இந்த வசதியை இயல்பாக முடக்கியே வைத்திருக்கிறது. அதற்கான அமைப்பின் இயல்பு மதிப்பு 0. ரெடிஸும் எலாஸ்டிக்சர்ச்சும் இந்த ஏற்பாட்டில் சேருவதே இல்லை.

நான் பரிந்துரைப்பது வேறு வழி. இருப்பை மாற்றும் அதே பரிவர்த்தனைக்குள் (சேர்ந்தே நடக்க வேண்டிய மாற்றங்களின் தொகுப்புக்குள்), ‘இந்தப் புத்தகம் மாறிவிட்டது’ என்று மூலத் தளத்திலேயே உள்ள இன்னோர் அட்டவணையில் ஒரு வரி எழுதுங்கள். எழுதினால் இரண்டும் எழுதப்படும், இல்லையென்றால் இரண்டும் இல்லை. பின்னணியில் ஓடும் தனி நிரல் அந்த வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தேடல் தளத்தில் சேர்க்கட்டும். நடுவில் நின்றுபோனாலும், மீண்டும் எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரே வரி இரண்டு முறை போய்ச் சேரலாம். அதனால் ‘ஒன்றைக் குறை’ என்று அனுப்பாமல், ‘இருப்பு இப்போது பூஜ்யம்’ என்று அனுப்புங்கள். எத்தனை முறை வந்தாலும் விளைவு ஒன்றுதான். தேடல் தளம் சில நொடிகள் பின்தங்கும் என்பது உண்மை. புத்தகத் தேடலுக்கு அது பொறுக்கக்கூடியதே. பணம் வாங்குவதற்கு முன் மட்டும் மூலத் தளத்தையே கேட்க வேண்டும்.

வாசிப்பதற்கென்று நகல் தளம் வைப்பவர்களுக்கும் இந்தப் பின்தங்கல் உண்டு. முகவரியை மாற்றிச் சேமித்தவர் அடுத்த பக்கத்தில் பழைய முகவரியைக் கண்டால் மீண்டும் மாற்றத் தொடங்குவார். ரெயில்ஸில் முதன்மைத் தளத்துக்கும் நகலுக்கும் இடையே தானாக மாறும் வசதியை இயக்கினால், எழுதிய பயனரின் வாசிப்புகளை இயல்பாக இரண்டு நொடிகள் வரை முதன்மைத் தளத்துக்கே அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு. உங்கள் நகல் அதைவிட அதிகமாகப் பின்தங்குகிறதா என்று அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்புநகலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு நேரத்தில் எடுத்த இரண்டு காப்புநகல்களை மீட்டெடுத்தால், ஒன்று சுட்டும் வரி மற்றதில் இல்லாமல் போகலாம். மூலத்தை மட்டும் மீட்டு, பிரதிகளை அதிலிருந்து புதிதாகக் கட்டுவதே பாதுகாப்பு. அதற்கான நிரலை இப்போதே எழுதி, சோதனைச் சர்வரில் முழுவதுமாக ஓட்டிப் பாருங்கள். அது ஓடி முடிய ஆறு மணி நேரம் பிடித்தால், அந்த ஆறு மணி நேரமும் தேடல் இல்லாமல் இணையதளம் எப்படி இயங்கும் என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டியிருக்கும்.

நன்றி, வணக்கம்.